உடலில்லாக் கல்லறைகள்: இங்கிலாந்தின் கிராமப் போர் நினைவுச் சிலுவைகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சிற்றூர்கள் பலவற்றிலே பங்குத் தேவாலயத்தின் வாயிலை அடுத்து ஒரு கற்சிலுவை நிற்கக் காணலாம். இரண்டு அல்லது மூன்று படிகள், அவற்றின்மேல் ஒரு பீடம், பீடத்தினின்றும் மேல்நோக்கி ஒடுங்கிச் செல்லும் ஒரு தூண், அதன் உச்சியிலே குறுக்குத் தண்டு என்பதே அதன் பொதுவான அமைப்பு. பீடத்தின் முகங்களிலே பத்து அல்லது இருபது பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரே குடும்பப்பெயர் இரண்டு முறை, சில இடங்களில் மூன்று முறை வரும். கல்லின்மேல் பாசியும் மழைக்கறையும் படிந்து, பின்னாலுள்ள தேவாலயச் சுவரின் நிறத்தையே அதுவும் பெற்றிருக்கும். இதனால் அதனைப் பார்ப்பவர் தேவாலயம் தோன்றிய காலத்திலேயே சிலுவையும் தோன்றியது போலும் என்று எண்ணுதல் இயல்பே. உண்மையில் இத்தகைய சிலுவைகளுட் பெரும்பாலானவை 1919ஆம் ஆண்டுக்கும் 1920களின் நடுப்பகுதிக்கும் இடையில், மிகக் குறுகிய ஒரு கால எல்லைக்குள், ஆயிரக்கணக்கில் நாட்டப்பட்டவையாகும். மத்திய காலத்துப் பேராலயங்களை எழுப்பிய நூற்றாண்டுகளிற்கூட அந்நாட்டில் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்துணைச் சின்னங்கள் எழுந்தனவோ என்பது ஐயமே.

இவற்றுக்குப் பொதுவாக இரு விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. கிறித்தவ நம்பிக்கையின் வெளிப்பாடு என்பது ஒன்று. நாட்டுப்பற்றின் சின்னம் என்பது மற்றொன்று. இவ்விரு விளக்கங்களும் தவறல்லவெனினும் இவற்றுக்கு முற்பட்ட வினாவொன்றை இரண்டுமே எழுப்புவதில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்தோருக்கென அரசு ஒழுங்கான மயானங்களை அமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வறிய கிராமங்கள் தமது கைப்பணத்தைச் சேர்த்து ஊரிலே இன்னொரு கல்லை நாட்டவேண்டிய தேவை யாது? இவ்வினாவுக்கான விடை சமயத்திலோ நாட்டுப்பற்றிலோ தொடங்கவில்லை. அது 1915ஆம் ஆண்டின் இராணுவக் கட்டளையொன்றிலே தொடங்குகிறது.

போர் தொடங்கிய முதல் மாதங்களிலே, வசதிபடைத்த குடும்பங்கள் சில போர்க்களத்தில் இறந்த தம் மைந்தரின் உடல்களைத் தோண்டியெடுத்துத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தன. 1915 ஏப்ரிலில், முன்னாட் பிரதமர் கிளாட்ஸ்ரனின் பேரனும் பாராளுமன்ற உறுப்பினருமான வில்லியம் கிளாட்ஸ்ரன் பிரான்சிலே கொல்லப்பட்டார். குடும்பச் செல்வாக்கின் துணையுடன் அவருடைய உடல் வேல்சின் எல்லையை அண்டிய ஹாடன் என்னும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது. இதன் பின் அதே ஆண்டிலேயே உடல்களைத் தோண்டியெடுப்பதும் தாயகத்துக்குக் கொண்டுசெல்வதும் முற்றாகத் தடைசெய்யப்பட்டன. சுகாதாரம் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. ஆயினும் கல்லறைகளைப் பதிவுசெய்யும் பணியை ஏற்றிருந்த பேபியன் வெயர் என்பாரின் மனத்தில் நின்ற காரணம் வேறொன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஊரிலே கல்லறை, கூலிக்காரன் பிள்ளைக்கு அந்நிய மண்ணிலே குழி என்ற வேறுபாட்டினை இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் பங்குபற்றிய போரொன்று தாங்காது என்பதே அது.

வெயரின் முயற்சியால் 1917 மே 21ஆம் திகதி அரச பட்டயத்தின்மூலம் பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில், பிரித்தானிய அரும்பொருளகத்தின் பணிப்பாளரான பிரெடெரிக் கென்யன் மயானங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்பதுபற்றி அறிக்கை சமர்ப்பித்தார். பதவி வேறுபாடின்றி, குல வேறுபாடின்றி, அனைவருக்கும் உயரத்தாலும் அகலத்தாலும் ஒத்த ஒரே வகையான கல் என்பது அதன் அடிப்படை. சிலுவை வடிவான கல்லறைக் குறி வேண்டாமென்றும், எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும் நிமிர்ந்த பலகைக் கல்லே போதும் என்றும், விரும்புவோர் அதன் முகத்திலே தம் சமயச் சின்னத்தைப் பொறித்துக்கொள்ளலாம் என்றும் முடிவாயிற்று. குடும்பத்தாரின் சொந்த வாசகத்துக்கும் இடமளிக்கப்பட்டது. அதன் எல்லை 66 எழுத்து. எழுத்தொன்றுக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணமும் கேட்கப்பட்டது. ஒரு தாயின் துயரத்துக்கு எழுத்தெண்ணி விலை குறித்த அலுவலகத்தின் மனப்பாங்கைப் பற்றிப் பலபடப் பேசலாம். அக்கட்டணம் பின்னர் கட்டாயமற்றதாக்கப்பட்டது என்பதையும் கூறவேண்டும்.

இக்கொள்கை எதிர்ப்பின்றி நிறைவேறியதன்று. போரிலே மைந்தர் மூவரை இழந்த புளோரன்ஸ் செசில் சீமாட்டி, பலகைக் கல்லுக்குப் பதிலாகச் சிலுவையையே கல்லறைக் குறியாக வைக்கவேண்டுமென வேண்டி 1919இல் வேல்ஸ் இளவரசரிடம் மனுவொன்றைக் கையளித்தார். அதிலே எண்ணாயிரத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டிருந்தனர். 1920 மே 4ஆம் திகதி இவ்விடயம் பாராளுமன்றத்திலே விவாதிக்கப்பட்டது. இறந்தவன் அரசுக்கு உரியவனா, அவனைப் பெற்றவளுக்கு உரியவளா என்பதே அவ்விவாதத்தின் உட்கிடை. யுத்த மந்திரியாகவும் ஆணைக்குழுவின் தலைவராகவும் அப்பொழுது இருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் அரசின் பக்கம் பேசினார். ஆணைக்குழுவின் கொள்கையே நிலைத்தது. உடல் அரசின் பொறுப்பாயிற்று. அது கிடக்கும் இடம், அதன்மேல் நிற்கும் கல், கல்லின் அளவு ஆகிய யாவற்றையும் அரசே தீர்மானித்தது.

ஏனைய நாடுகளுடன் ஒப்பிடுகையில் இம்முடிவின் கடுமை புலப்படும். அமெரிக்க அரசு இறந்தோரின் குடும்பங்களிடம் விருப்பத்தைக் கேட்டு ஏறக்குறைய 46,000 உடல்களைக் கடல்கடந்து தாய்நாட்டுக்குக் கொண்டுசென்றது. பிரான்சும் 1920 யூலையில் இயற்றிய சட்டத்தின்படி அரச செலவிலே உடல்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அவ்வாறு ஊர் திரும்பின. பிரித்தானியக் குடும்பத்துக்கு அத்தகைய தெரிவு இருக்கவில்லை. போதாக்குறைக்கு, பிரித்தானியப் பேரரசின் பக்கம் இறந்தோருள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அடையாளங் காணப்பட்ட கல்லறையே இல்லை. பீரங்கிக் குண்டுகள் மீண்டும் மீண்டும் கிளறிய சேற்றிலே அவர்கள் கலந்துவிட்டனர். கல்லறை இருந்தவர்களின் உறவினருள்ளும் பிரான்சுக்குச் சென்று அதனைக் காணும் பொருள்வசதி விவசாயக் கூலியொருவரின் குடும்பத்துக்கு எளிதில் வாய்ப்பதன்று.

ஆகவேதான் ஊரிலே ஒரு கல் வேண்டியிருந்தது. போவதற்கு ஓரிடம், பூ வைப்பதற்கு ஒரு படி, கையால் தடவிப் பார்ப்பதற்கு ஒரு பெயர் என்பனவற்றைக் கிராமச் சிலுவை தந்தது. கல்லறை செய்யவேண்டிய வேலையை அது செய்தது. தேவாலய வாயிலே இதற்குப் பொருத்தமான இடமாகக் கருதப்பட்டமைக்கும் இதுவே காரணம் எனலாம். தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் அடக்கஞ் செய்யப்பட்ட நிலம் அது. வந்திருக்கவேண்டிய உடலொன்றுக்குக் காத்திருந்த நிலமும் அதுவே. எழுத்தாளர் ருட்யாட் கிப்ளிங்கின் நிலை இதனை நன்கு விளக்குகின்றது. அவர் மேற்கூறிய ஆணைக்குழுவின் இலக்கிய ஆலோசகர். பேரரசு முழுவதுக்குமான கல்வெட்டு வாசகங்களைத் தெரிந்தவர். 1920இன் விவாதத்திலே அரசின் கொள்கைக்கு ஆதரவானவர். அவருடைய ஒரே மகன் யோன் 1915 செப்ரெம்பரில் லூஸ் என்னுமிடத்துப் போரிலே காணாமற் போனான். வயது 18. தந்தை 1936இல் இறக்கும்வரை மகனின் உடல் அடையாளங் காணப்படவில்லை. அவர்கள் வாழ்ந்த சசெக்ஸ் மாகாணத்துப் பேர்வாஷ் என்னும் ஊரின் நினைவுச் சின்னத்திலே, ஏனைய ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களிடையே, அவன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசின் கொள்கையை வகுக்கத் துணைநின்றவருக்கும் இறுதியில் எஞ்சியது ஊர்க் கல்லிலுள்ள பெயரே.

கிராமங்களின் இச்சின்னங்களுக்கு அரசு பணம் வழங்கவில்லை என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. பிரான்சிலே 1919ஆம் ஆண்டுச் சட்டமொன்று உள்ளூர்ச் சின்னங்களுக்கு அரச மானியத்துக்கு வழிவகுத்தது. இங்கிலாந்திலோ யாவும் ஊரார் கொடுத்த பணத்தினாலேயே நடைபெற்றன. பாடசாலை மண்டபத்திலே பொதுக்கூட்டம் கூடும், பங்குக் குருவானவரோ ஊர் நிலப்பிரபுவோ தலைமை வகிப்பார், குழுவொன்று தெரிவாகும், வீடு வீடாகப் பணம் திரட்டப்படும். சின்னம் எத்தகையதாய் இருக்கவேண்டும் என்பதில் எழுந்த பிணக்கு பல ஊர்களுக்குப் பொதுவானது. வாழ்வோருக்குப் பயன்படும் மண்டபம், விளையாட்டு மைதானம், மருத்துவமனைக் கட்டில், மணிக்கூடு ஆகியவற்றுள் ஒன்று வேண்டும் என்றனர் ஒருசாரார். போரிலிருந்து மீண்டுவந்த வீரர் சிலர் இக்கட்சியைச் சேர்ந்தவர்கள். மண்டபத்திலே நடனமாடுவதற்கா எம் மக்கள் இறந்தனர் என்று கேட்டனர் மறுசாரார். பின்னவர்களின் பக்கம் பிள்ளைகளை இழந்தோர் நின்றபோது வாதத்துக்கு இடமிருக்கவில்லை. சிலுவை மண்டபத்தைவிட மிகக் குறைந்த செலவிலே முடியக்கூடியது என்பதும் அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இடம் பற்றிய பிணக்கு இதனிலும் கூர்மையானது. தேவாலய வளவு இங்கிலாந்துத் திருச்சபைக்குரியது. அங்கே ஒரு கல்லை நாட்டுவதாயினும் பேராயரின் திருச்சபை நீதிமன்றத்திலே அனுமதி பெறவேண்டும். மெதடிஸ்த, பப்ரிஸ்த சபைகளைச் சேர்ந்த குடும்பங்களும் பிள்ளைகளை இழந்திருந்தன. தம் பிள்ளையின் பெயரைத் தாம் வழிபடாத கோயிலின் வளவினுள் வைப்பதை அவர்கள் விரும்பாதது இயல்பே. இதனால் பல ஊர்களிலே சின்னம் பொதுவெளிக்கோ சந்திக்கோ சென்றது. வேறு பல ஊர்களில் தேவாலய மதிலின் ஓரத்திலே, வாயிலுக்கு வெளியே, தெருவிலிருந்தே படிகளை அணுகக்கூடியவாறு அது நாட்டப்பட்டது. இன்று பார்ப்போருக்கு இயல்பான அழகாய்த் தோன்றும் இவ்விடத்தெரிவு, கோயிலுக்கும் தெருவுக்கும் இடையிலே கண்ட சமரசமாகப் பல ஊர்களில் இருந்தது.

சிலுவை வடிவமும் வழக்கில் நின்ற ஒன்றன்று. மதச் சீர்திருத்தத்தின் பின் சிலுவை இங்கிலாந்திலே கத்தோலிக்கத்தின் அடையாளமாகவும் மூடநம்பிக்கையின் எச்சமாகவும் ஐயுறவுடன் நோக்கப்பட்டது. 1643 மே மாதத்திலே இலண்டன் சீப்சைட் வீதியில் நின்ற பழம்பெருஞ் சிலுவை மக்களின் ஆரவாரத்தினிடையே இடித்துத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டிலே, மூடநம்பிக்கைச் சின்னங்களை அகற்றுமாறு பாராளுமன்றம் கட்டளை பிறப்பித்தது. நாட்டுப்புறத் தேவாலய வளவுகளிலே மத்தியகாலச் சிலுவைகளின் தலையற்ற தூண்களும் வெறும் படிகளும் எஞ்சின. 1833இல் தொடங்கிய ஒக்ஸ்போர்ட் இயக்கம் திருச்சபையின் பழைய மரபுகளை மீட்க முனைந்தபோதுதான் சிலுவை மெல்ல மீண்டது. அதுவும் வழக்குகளின் மூலமே மீண்டது. இலண்டன் தேவாலயமொன்றிலே சிலுவை வைக்கலாமா என்ற பிணக்கு 1857இல் கோமறைக் கழகம்வரை சென்றது என்பதைக் கருதின், அறுபதாண்டுகளுக்குப் பின் ஊருக்கு ஊர் சிலுவை எழுந்தமை எத்தகைய மனமாற்றத்தின் விளைவு என்பது விளங்கும். இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் இறையியலாளர் அல்லர். போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டிலேயே, கிழக்கு இலண்டனின் ஹக்னிப் பகுதி ஏழை மக்கள் தம் தெருக்களிலே போருக்குச் சென்றோரின் பெயர்ப் பட்டியலையும் சிலுவையையும் பூச்சாடிகளையும் கொண்ட சிறு மாடங்களை அமைத்தனர். மேரி மகாராணியார் அவற்றைப் பார்வையிட வந்த பின்னர் அவ்வழக்கம் பரவியது. கடும் புரட்டஸ்தாந்தியர் சிலர் கண்டித்தனராயினும் துயருற்ற தாய்மாரோடு வாதாடுவது அவர்களுக்கும் எளிதாயிருக்கவில்லை. போர் முடிந்தபின் பழைய தலையற்ற தூண்களுக்குப் புதிய தலை பொருத்தி அவற்றையே நினைவுச் சின்னமாக்கிய ஊர்களும் உள.

ஆணைக்குழுவுக்காக ரெஜினால்ட் புளொம்பீல்ட் வடிவமைத்த தியாகச் சிலுவை பல ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதன் முகத்திலே வெண்கல வாளொன்று கீழ்நோக்கிப் பதிக்கப்பட்டிருக்கும். வாளை உறையிலிட்ட அமைதியைக் குறிப்பதாக இதனைக் கொள்வோருண்டு. போரைப் புனிதப்படுத்துவதாகக் கண்டிப்போருமுண்டு. கொல்லப்பட்டவரின் சின்னத்தின்மேல் கொல்லும் கருவியைப் பதித்தமை, கலையழகு எவ்வாறாயினும், உறுத்தலான சேர்க்கையே. இலண்டனின் வைற்ஹோல் வீதியிலே 1920 நவம்பர் 11ஆம் திகதி திரைநீக்கஞ் செய்யப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தை அமைத்த எட்வின் லட்யன்ஸ் சிலுவையை வேண்டுமென்றே விலக்கினார். பல சமயத்தார் இறந்த போருக்கு ஒரு சமயத்தின் குறி பொருந்தாது என்பது அவர் கொள்கை. தலைநகரின் சின்னத்திலே சிலுவை இல்லை. கிராமங்களின் சின்னங்களிலே சிலுவையே மிகுதி. அரசின் நினைவும் ஊரின் நினைவும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, பெயர்கள். சிலுவையின் வரலாற்று முக்கியத்துவம் அதன் உச்சியைவிட அதன் அடியிலேயே உள்ளது எனத் துணிந்து கூறலாம். பழைய ஆங்கிலக் கிராமத் தேவாலயத்தினுள் நுழைவோர் சுவரெங்கும் பளிங்குப் பலகைகளைக் காண்பர். அவை நிலப்பிரபுக்கள், அவர்தம் மனைவியர், இராணுவ அதிகாரிகளான அவர்தம் இளைய மைந்தர் ஆகியோருடையவை. உழுதவனும் கூரை வேய்ந்தவனும் வெளியே புல்மேட்டின்கீழ்ப் பெயரின்றிக் கிடந்தனர். கல்லறைக்கு ஒரு கல் வைப்பதற்கு அவர்களுக்கு வசதியிருக்கவில்லை. சாதாரண வீரரின் பெயரை நினைவுச் சின்னங்களிலே பொறிக்கும் வழக்கம் 1899–1902 காலத்துத் தென்னாபிரிக்கப் போரின் பின்னரே பரவலாயிற்று. அதனை ஊர்தோறும் கொண்டுசென்றது 1914ஆம் ஆண்டின் போர். பல சிலுவைகளிலே பெயர்கள் அகரவரிசையில் உள்ளன. அவ்வரிசையிலே மாளிகை மைந்தனுக்கு முன்னர் அவன் குதிரைலாயத்தில் வேலைசெய்தவன் வரக்கூடும். எழுத்தின் அளவும் ஒன்றே. தமிழ் வாசகர் நடுகல் மரபை நினைவுகூரக்கூடும். எனினும் நடுகல் வீரனின் செயலைப் பேசுவது; இக்கல் செயலெதனையும் கூறுவதில்லை. ஆநிரை மீட்டதோ பகைவரை வென்றதோ அதிலே இல்லை. பெயர் மாத்திரமே உண்டு.

இச்சமத்துவத்தை மிகைப்படுத்தலுமாகாது. 1914இல் இங்கிலாந்தின் வயதுவந்த ஆண்களுள் ஏறக்குறைய அறுபது வீதத்தினரே வாக்குரிமை உடையோராயிருந்தனர். எஞ்சியோருக்கு 1918இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே அவ்வுரிமையை வழங்கிற்று. சிலுவையிலே பெயர் பெற்றோருட் பலர் வாக்காளர் இடாப்பிலே ஒருபோதும் பெயர் பெறாதவர்கள். அவர்கள் பெயரை அரச காரியமொன்றின் நிமித்தம் பொதுவிடத்தில் எழுதியது அக்கல்லே முதலும் கடைசியுமாகலாம். அகரவரிசையைக் கைக்கொள்ளாது அதிகாரிகளை மேலேயும் சிப்பாய்களைக் கீழேயும் வைத்த கற்களும் உள.

நிலப்பிரபுவின் கை எவ்வளவு நீளமாயிருந்தது என்பதை யோர்க்ஷயர் மாகாணத்து ஸ்லெட்மியர் கிராமம் காட்டுகின்றது. 1290இல் இறந்த எலினோர் அரசியின் நினைவாக முதலாம் எட்வேட் மன்னன் நாட்டிய பன்னிரண்டு சிலுவைகளின் பாணியில், அவ்வூர்ப் பிரபுவான சேர் ரற்றன் சைக்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஓர் உயர்ந்த சிலுவையை எழுப்பியிருந்தார். (1643இல் இடிக்கப்பட்ட சீப்சைட் சிலுவையும் அப்பன்னிரண்டனுள் ஒன்று.) அவருடைய மகனே மத்திய கிழக்கைப் பிரித்தானியாவும் பிரான்சும் பங்குபோட்டுக்கொள்ள வழிவகுத்த 1916ஆம் ஆண்டின் இரகசிய உடன்படிக்கைக்குப் பெயர் கொடுத்த மார்க் சைக்ஸ். போருக்குச் சற்று முன்னர் அவர் அப்பகுதியின் வண்டியோட்டும் விவசாயத் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சேமப் படையாகப் பதிவுசெய்திருந்தார். 1914 ஓகஸ்டிலே, அறுவடைக் காலத்தில், வயலிலிருந்து அழைக்கப்பட்ட அவர்கள் படைப்பயிற்சி அதிகமின்றிப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். இறந்தோரின் நினைவாகச் சைக்ஸ் தந்தையின் சிலுவையிலே பித்தளைத் தகடுகளைப் பதிப்பித்தார். மத்தியகால வீரப் பிரபுக்களின் கல்லறைத் தகடுகளைப் போன்று, ஆனால் போர்ச் சீருடையிலே, அவர்களின் உருவங்கள் அவற்றில் வரையப்பட்டன. ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 1919 பெப்ரவரியில், சமாதான மாநாட்டுக்காகப் பாரிசில் தங்கியிருந்த சைக்ஸ் விஷசுரத்தால் இறந்தார். வெறுமையான இடத்தை அவருடைய உருவம் நிரப்பியது. சிலுவைப்போர் வீரனைப் போன்று கவசம் பூண்டு வாளேந்தி நிற்கும் அவ்வுருவத்தின் பின்னணியில் எருசலேம் நகரமும், காலடியில் வீழ்ந்துகிடக்கும் முஸ்லிம் ஒருவரும் வரையப்பட்டுள்ளனர். கிராமத்துத் துயரத்தின்மேல் ஏகாதிபத்தியக் கனவு இவ்வளவு வெளிப்படையாக ஏறியமர்ந்த நினைவுச் சிலுவை வேறொன்று உண்டோ என்பது ஐயமே. வண்டியோட்டிகளுக்கென அதே தெருவில் நிற்கும் தனிச் சின்னமும் சைக்சின் திட்டமே. ஏர்க்களத்திலிருந்து போர்க்களம்வரை அவர்கள் சென்ற கதையை அது சுற்றிவரச் சித்திரித்து, ஜேர்மன் படையினரின் கொடுமைகளையும் தயக்கமின்றிச் செதுக்கிக் காட்டுகின்றது.

எவர் பெயர் கல்லிலே ஏறும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சிலுவையை எழுப்பிய குழுக்களிடமே இருந்தது. ஆணைக்குழு தன் பொறுப்பின் எல்லையை 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரை என வகுத்துக்கொண்டது. கிராமங்களுக்கு அத்தகைய பொதுவிதி இல்லை. வேலைதேடி அயலூர் சென்றவன் எந்த ஊர்ப் பிள்ளை? நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டு, ஊர் திரும்பிச் சில ஆண்டுகளின் பின் இறந்தவன் போரில் இறந்தவனா? கல் செதுக்கி முடிந்தபின் இறந்தவர்களுக்கு இடமும் இருக்கவில்லை. பின்னாளில் ஆதர் மீ என்னும் எழுத்தாளர், போருக்குச் சென்ற யாவரும் உயிருடன் திரும்பிய கிராமங்களுக்கு நன்றியுடைய கிராமங்கள் எனப் பெயரிட்டு 1930களிலே பட்டியல் தொகுத்தார். பிற்கால ஆய்வுகளைச் சேர்த்தும் அவற்றின் தொகை சில பத்துக்களையே எட்டுகின்றது.

பேரரசின் மட்டத்திலே பார்த்தால் பெயரின் கதை மேலும் இருளடைகின்றது. எல்லோருக்கும் ஒரே கல் என்ற ஆணைக்குழுவின் கொள்கை ஐரோப்பாவிலே பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் அது அவ்வாறு கைக்கொள்ளப்படவில்லை. இன்று பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு என வழங்கும் அந்நிறுவனமே நியமித்த விசாரணைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியரும் ஆபிரிக்கரும் எகிப்தியருமாகிய 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயரின்றியோ முற்றாகவோ விடுபட்டனர் என்றும் கண்டது. ஸ்லெட்மியரின் வண்டியோட்டிக்குக் கிடைத்த பெயர், கிழக்காபிரிக்கக் காடுகளிலே சுமைதூக்கி இறந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

1939–1945 காலத்துப் போரின் பின் புதிய சிலுவைகள் நாட்டிய ஊர்கள் குறைவு. பழைய பீடத்திலே எஞ்சியிருந்த இடத்தில், பெரும்பாலும் சிறிய பட்டியலாக, புதிய பெயர்கள் சேர்க்கப்பட்டன. 1914ஆம் ஆண்டின் பட்டியலிலுள்ள குடும்பப்பெயர் கீழ்ப்பட்டியலிலும் வருவதுண்டு. கற்களைப் பேணும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு 1923ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அனுமதிக்கப்பட்டது, கட்டாயமாக்கப்படவில்லை. இதனால் நாட்டியோர் மறைந்தபின் சிலுவை திருச்சபையுடையதா, கிராமச் சபையுடையதா என்று தெரியாது நிற்கும் ஊர்களும் உள.

பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் பற்றிய வழக்கு நூறாண்டுகளின் பின்னரும் முடியவில்லை. முதலாம் உலக மகாயுத்தக் காலத்திலே தப்பியோட்டம், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானிய இராணுவம் தன் வீரருள் 306 பேரைச் சுட்டுக்கொன்றது. அவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சட்டம் மன்னிப்பளித்தது. அவர்களுள் முதல்வர் தொமஸ் ஹைகேற். 1914 செப்ரெம்பர் 8ஆம் திகதி, போர் தொடங்கி ஐந்து வாரங்களே ஆன நிலையில், தம் 19ஆம் வயதிலே கொல்லப்பட்டவர். சிட்கப் ஊரின் போர் நினைவுச் சின்னத்திலே அவருடைய பெயர் உண்டு. அவர் பிறந்த ஊர் கென்ற் மாகாணத்துச் ஷோரம். அவ்வூர்ச் சின்னத்தின் பழுதடைந்த பெயர்ப்பலகையைப் புதுப்பித்தபோது அவர் பெயரையும் சேர்ப்பதா என்ற வினா எழுந்தது. 2000ஆம் ஆண்டிலே கிராமச் சபை வாக்கெடுத்து, சேர்ப்பதில்லை எனத் தீர்மானித்தது. ஊராரின் மனம் பின்னொருகால் மாறுமாயின் பொறித்துக்கொள்ளலாம் என்று, பெயர்களுக்கிடையே ஒரு பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்டது.